இரு கிணறுகள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருச்செந்தூர் செல்லும் அன்பர்கள் பலர் கடலாடி, செந்திலாண்டவனைத் தரிசித்து, அவசரமாகத் திரும்பிவிடுகின்றனர். கோயிலுக்குத் தெற்கே உள்ள நாழிக்கிணற்றைக் காணாது வருவோரும் உண்டு. போரில் களைத்த படைவீரரின் தாகம் தீர்க்க முருகப்பெருமான் வேலால் உண்டாக்கியது அது என்பது ஐதிகம். உவர்க்கடலின் அருகே நன்னீர் ஊறும் அதிசயம்! கடலாடியபின் இதில் நீராடுவது மரபு. படியிறங்க இயலாத முதியோருக்கு, உடன்வந்த பிள்ளைகள் அந்நீரைக் கொண்டுவந்து தலையில் தெளிக்கலாம்.

ஊர் திரும்பினால் இன்னொரு கிணறு காத்திருக்கிறது. மாலையைச் சூடி ஆண்டாள் தன் அழகைக் கண்ட கண்ணாடிக் கிணறு, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூராரே பலர் அதைக் கடந்து போய்விடுகின்றனர். கால்கள் ஒத்துழைக்கும்போதே இவ்விரண்டின் அருகிலும் சற்று நின்று வணங்கிவிடுவது நன்று.