தமிழ் என்றே எழுதுங்கள்

சன்னிவேல், கலிஃபோர்னியா

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஈரோட்டுப் பெண் ஒருத்தி, இந்த வாரம் தன் மகனைப் பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்க்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மொழி பற்றிய பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. "அக்கா, எல்லாரும் இங்கிலீஷ்னே போடச் சொல்றாங்க. தமிழ்னு போட்டா பையன ஒதுக்கி வெச்சிருவாங்களாம்" என்றாள். அவள் சொன்ன எல்லாரும் இங்கே பல ஆண்டுகளாக வாழ்கிற நம்மவர்கள்தான். நன்றாகப் படித்தவர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

கலிஃபோர்னியா அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையை முதன்முதலாகச் சேர்க்கும்போது நான்கு கேள்விகள் கேட்பார்கள். பேசத் தொடங்கியபோது பிள்ளை கற்ற மொழி எது? வீட்டில் அவன் அதிகம் பேசுவது எது? பெற்றோர் அவனிடம் அதிகம் பேசுவது எது? வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசுவது எது? முதல் மூன்றில் எதற்காவது ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதினால், சேர்ந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறினால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலில் பெயர் பதிவாகும். தினமும் அதற்கென்று ஆங்கிலப் பயிற்சி உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து விடுபடும்வரை ஆண்டுக்கொரு தேர்வு. நான்காவது கேள்வியில் தாத்தா பாட்டியும் அடக்கம். பேரனுக்குச் சோறூட்ட ஆறு மாதம் வந்து தங்குகிறீர்களே, உங்களையும் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு விடையை மட்டும் வைத்துத் தேர்வைக் கட்டாயமாக்குவதில்லை.

நம்மவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் பயம். அது யார் போராடிப் பெற்றது என்று அவர்கள் அறிந்தால் நல்லது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கே ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்ற அந்த வழக்கின் பலனை இன்று நம் பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள்.

அடுத்து, பணம். 2013-இல் வந்த நிதிமுறைப்படி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, வளர்ப்பு இல்லத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை ஆகியோருக்காக அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளியின் தரத்தையும் ஒரே சராசரியில் முடித்துவிடுவதில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்திலும் கணக்கிலும் எடுக்கும் மதிப்பெண்ணை இனவாரியாக, வருமானவாரியாக, மொழிவாரியாகப் பிரித்து, சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்களில் பொதுவில் வைக்கிறார்கள். மொழிப் பிரிவுக்கு நிறம் கிடைக்க அதில் 30 பிள்ளைகளாவது இருக்க வேண்டும். குறைந்தால் நிறம் இல்லை. அந்தப் பிள்ளைகள் பின்தங்குவது நிறங்களில் தெரியாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பத்து வீட்டார் தமிழையும் தெலுங்கையும் இந்தியையும் மறைத்துவிட்டால், உதவி தேவைப்படுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை காகிதத்தில் குறைகிறது. அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஸ்பானிய மொழிப் பிள்ளைக்கு, உணவகத்தில் பாத்திரம் கழுவும் தாயின் பிள்ளைக்கு, அது நஷ்டம். பொறியாளர் வீட்டுப் பிள்ளை எப்படியும் கரையேறிவிடுவான்.

நான் படித்த மதுரைப் பள்ளியில் என் பக்கத்தில் ஒரு சௌராஷ்டிரப் பெண் இருப்பாள். வீட்டில் அவர்கள் மொழி, தெருவில் தமிழ். பதிவேட்டில் தாய்மொழிக்கு நேரே சௌராஷ்டிரம் என்று அவள் அப்பா நிமிர்ந்து சொல்லி எழுதவைத்தார். அதனால் யாரும் அவளைத் தள்ளிவைக்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் அவள் எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றாள். உருது, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று நம் ஊர் அரசே பள்ளி நடத்துகிறது. அந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இங்கே வந்து இறங்கியதும் தாய்மொழியைச் சொல்ல ஏன் நா எழவில்லை?

மதிப்பெண் குறையும் என்பார்கள். இந்த மாநிலத்தின் தேர்வு முடிவுகள் வேறு கதை சொல்கின்றன. ஆங்கிலம் கற்பவராகச் சேர்ந்து, தேறி வெளியே வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு இணையாகவோ மேலாகவோ மதிப்பெண் எடுக்கிறார்கள். பட்டியலில் நெடுங்காலம் தேங்கிப்போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை இன்னும் நல்ல பயிற்சி. அவர்களைக் காட்டி மொழியை மறைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரு மொழி வல்ல மாணவருக்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் முத்திரை பதிக்க அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் இயற்றியதும் இதே கலிஃபோர்னியாதான், 2011-இல். அந்த முத்திரைக்காக நம் பெற்றோர் வாரக் கடைசியில் தமிழ் வகுப்புக்குக் காரோட்டுகிறார்கள்!

அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிச் சேர்க்கை நேரத்தில் மகளோ மருமகளோ போனில் இதைப் பற்றிப் பேசினால், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தமிழோடு ஆங்கிலமும் வீட்டில் சரளமாகப் புழங்கினால் அதைப் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். விடையைத் திருத்துவதாக இருந்தாலும் முதல் தேர்வுக்கு முன் திருத்திவிட வேண்டும். தேர்வு எழுதி 'ஆங்கிலம் கற்பவர்' என்று பதிவான பிறகு படிவத்தை மாற்றிப் பயனில்லை. பொதுவாகப் பிள்ளை தேறித்தான் வெளியே வர முடியும்.