ஒரே பனை, ஒரே கலயம்... போதை மட்டும் ஏன் தினமும் வேற?

டாஸ்மாக் பிராந்தி பாட்டில் எதை எடுத்தாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். இன்றைக்கும் அதே, அடுத்த மாதமும் அதே. காரணம் ரொம்ப சிம்பிள். காய்ச்சி வடித்த சாராயத்தில் தண்ணீர் கலந்து, அளந்து, அந்த எண்ணுக்குக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். கள்ளில் அந்தக் கதையே நடக்காது!

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையைத் தாண்டி, உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனால் ஆற்றுப் பாசன வயல் முடிந்து செம்மணலும் பனையும்தான். (1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரைக்கும் இதெல்லாம் நெல்லைச் சீமைதான்.) அங்கே பனையேறி காலையும் மாலையும் ஏறி பாளையைச் சீவி கலயத்தைக் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதனி. தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, ஆனால் இறங்குவது கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது? சொட்டும் சாறில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட், முதல் சொட்டு விழுந்ததுமே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. பிளஸ் டூ வேதியியல் ஞாபகம் இருக்கிறதா? 100 கிராம் சர்க்கரை முழுசும் நொதித்தால் கிடைப்பது ஏறக்குறைய 51 கிராம் ஆல்கஹால், மீதி கார்பன் டை ஆக்சைடு. கள் நுரைத்துப் பொங்குவது அந்த வாயுவால்தான். ஆக, சாறில் சர்க்கரை எவ்வளவோ அதுதான் போதையின் உச்சவரம்பு.

அந்த வரம்புக்குள்தான் ஆயிரம் ஏற்ற இறக்கம். மரத்துக்கு மரம் சர்க்கரை வேறு. மழை பெய்து கலயத்தில் தண்ணீர் விழுந்தால் சாறு நீர்த்துவிடும். சித்திரை வெயிலில் ஈஸ்ட் ஓடும், குளிர்ந்த ராத்திரியில் நடக்கும். நேற்றைய கள்ளின் வண்டல் ஒட்டியிருக்கும் கலயத்தில் இன்றைய சாறு சீக்கிரம் ஏறும், கழுவிய கலயத்தில் தாமதமாகும். இறக்கிய நேரமும் முக்கியம். விடியலில் இனிப்பாக இருப்பது மதியத்துக்குள் காரம் ஏறிவிடும். இன்னும் விட்டால் பாக்டீரியா அந்த ஆல்கஹாலையே தின்று காடியாக்கிவிடும். போதை கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான் :-)

வெளிநாட்டில் விஸ்கி காலியான மரப்பீப்பாயில் பீரை ஊற வைக்கிறார்களே, அங்கேயும் இதே தலைவலிதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாயின் மரத்தில் 60 சதவீத விஸ்கி 4 லிட்டர் ஊறி நின்றால், உள்ளே ஊற்றிய 8 சதவீத பீர் 9-ஐத் தொட்டுவிடும். காய்ந்து போன பீப்பாயில் அது நடக்காது. போதாததற்கு மரம் வழியாகத் தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகும். வறண்ட கிடங்கில் தண்ணீர் அதிகம் போவதால் வீரியம் கூடும். ஈரமான கிடங்கில் ஆல்கஹால் அதிகம் போவதால் குறையும். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் காட்டு ஈஸ்ட் வேறு, மிச்சச் சர்க்கரையைத் தேடித் தின்னும். கழுவாத கலயமும் பழைய பீப்பாயும் அண்ணன் தம்பி மாதிரி!

ஒரு வித்தியாசம் உண்டு. பீர்க்காரர் பல பீப்பாய்களைக் கலந்து, ஆய்வகத்தில் அளந்து, அந்தந்தத் தொகுதிக்கு ஒரு எண்ணை அச்சடித்துவிடுவார். பனையேறியிடம் இருப்பது நாக்கும் மூக்கும் ஒரு குடுவைச் சுண்ணாம்பும்தான்.

அந்தச் சுண்ணாம்பில்தான் அவர் பிழைப்பே தொங்குகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டை அடக்கி வைக்கிறது. அது குறைந்தால் பதனி புளிக்கும். புளித்த பதனியில் சர்க்கரை உடைந்துபோவதால் எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் கருப்பட்டி கட்டியாகாது. விறகும் போச்சு, அன்றைய உழைப்பும் போச்சு. கூடினாலோ ருசியும் நிறமும் கெடும். இதற்கு மேல் சட்டம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடை உண்டு, இலங்கையிலும் கள் இறக்கலாம். இங்கே மட்டும் ஒரு விரல் சுண்ணாம்பு குறைந்தால் உணவு குற்றமாகிவிடும்.

கள்ளில் ஆல்கஹால் அளவு நிலையாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அது மர்மமில்லை. சர்க்கரை, சூடு, நேரம், பாத்திரம் இந்த நான்கும்தான். நான்கையும் அளக்கக் கருவி இருக்கிறது. தடை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறவர்கள், இரண்டு பக்கமும், கொஞ்சம் இந்த வேதியியலையும் படித்துவிட்டுச் சண்டை போடலாமே!

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போனால், ஓலைப்பட்டையில் நுங்கு போட்டு ஒரு பதனி குடித்துப் பாருங்கள். அது பதனியாகவே உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது சும்மா இல்லை. ஒரு ஆள் பனை உச்சியில் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்டோடு போட்டியிட்டு ஜெயித்திருக்கிறார்.