ஆர்டி-யா, எல்டி-யா?

பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு 'அடுத்து என்ன?'னு முழிச்சவங்க எல்லோர் காதிலும் ஒரு தடவையாவது விழுந்திருக்கும் வார்த்தை, மெடிக்கல் கோடிங். நானும் 2016-ல் அப்படித்தான் கோவையில் இருந்து சென்னைக்கு பஸ் ஏறினேன். 'பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது'னு அம்மா ஊர் பூரா சொல்லிட்டாங்க. நிஜத்தில் என்ன வேலை? அமெரிக்க டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, நோய்க்கு ஒரு நம்பர், சிகிச்சைக்கு ஒரு நம்பர் போடணும். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி காசு தரும்.

எனக்குக் கிடைச்சது செயற்கை உறுப்பு டீம். முக்கால்வாசி கால்தான் வரும். எப்பவாவது பாதிக் கை. அதாவது உள்ளங்கை இருக்கும், விரல்கள் போயிருக்கும்.

இந்தக் கோடுகள் கொஞ்சம் விசித்திரமானவை. எல் 6000 என்றால் 'பாதிக் கை, கட்டைவிரல் மிச்சம்'. எல் 6010 என்றால் 'சுண்டுவிரலோ மோதிர விரலோ, அல்லது ரெண்டுமோ மிச்சம்'. எல் 6020, 'எந்த விரலும் மிச்சமில்லை'. போனதைச் சொல்லாமல் இருக்கறதைச் சொல்ற கோடு! நோய்க்கான ஐசிடி-10 கோடு நேர் எதிர். இல்லாததைத்தான் சொல்லும். அதையும் ஒழுங்கா எண்ணாது. வலது கட்டைவிரல் இல்லைன்னா தனியா இசட் 89.011. மத்த நாலில் ஒண்ணு போனாலும் நாலும் போனாலும் ஒரே இசட் 89.021. இத்தனைக்கும் ஆபரேஷன் பில்லில் எஃப்ஏ, எஃப்1 தொடங்கி எஃப்9 வரைக்கும் பத்து விரலுக்கும் பத்து அடையாளம் உண்டு. போனப்புறம் எல்லாம் கூட்டத்தோட கோவிந்தா.

இதெல்லாம் எனக்கு ஏன் உறுத்தணும்? எங்கப்பா கோவையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினவர். 2009-ல் ஒரு மத்தியானம், இடது கையில் மூணு விரல் போச்சு. அப்போதைய இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, மூணு விரல் போனா சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் ஒண்ணு மட்டும் போனாலும் அதே 30தான். "கட்டைவிரல் தப்பிச்சுது பாரு, அது ஒண்ணே மூணுக்குச் சமம் கண்ணு"ம்பார். செயற்கை விரல்னு ஒண்ணு இருக்குன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலை. போட்டோன்னா அந்தக் கையைத் துண்டுக்குள்ள மறைச்சுப்பார்.

வேலையில் சேர்ந்த ஆறாவது மாசம் ஒரு சார்ட். வலது கை, மூணு விரல் இல்லை. பில்கூட இல்லை, முன் அனுமதிக்கான விண்ணப்பம். அது கிடைச்சாத்தான் கிளினிக் கை செய்ய ஆரம்பிக்கும். இசட் 89.021 சரியாத்தான் போட்டேன். கூடவே எந்தப் பக்கம்னு சொல்ல வலதுக்கு ஆர்டி, இடதுக்கு எல்டி சேர்க்கணும். நான் எல்டி போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு நிராகரிச்சுத் திரும்பி வந்தது. ராத்திரி ஷிஃப்ட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு போனில் மல்லுக்கட்டுற என் தோழிதான் கொண்டுவந்தா. "ஏன்டி, வலது கை போனவருக்கு இடது கைல மாட்டச் சொல்லியிருக்கே?" டீமே சிரிச்சது. நானும் சிரிச்சேன். திருத்தி அனுப்ப ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. மாசக் கணக்கில் எனக்கு ஒரே ஒரு எரர். 95 சதவீத டார்கெட்டை சுலபமாத் தாண்டிட்டேன், இன்சென்டிவும் வந்தது. அந்த மனுஷனுக்குத்தான் மூணு வாரம் வீண்.

அன்னிக்கு அப்பாவுக்கு போன் பண்ணி, தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன். ஏன் இடதுன்னு விரல் போச்சுன்னு மட்டும் சொல்லலை. அவர் கேட்காமலே புரிஞ்சுக்கிட்டார்னு நினைக்கிறேன்.

"அந்த ஆளுக்குக் கை வந்துருச்சா கண்ணு?"

"தெரியலைப்பா. எங்களுக்கு அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"விசாரிச்சுப் பாரேன்."

விசாரிக்க முடியாது. எங்க வேலையில் அதுக்கு வழியே இல்லை.

இப்பவும் கை சார்ட் வந்தா, என் ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சு எது வலது, எது இடதுன்னு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் டைப் பண்றேன். பக்கத்து சீட் பையன், "என்னக்கா, கைரேகை ஜோசியமா?"ன்னு நக்கலடிப்பான். அடிக்கட்டும்.