காகிதக் கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி நடைபெறும். கிரியைகள் முடிந்து, உணவருந்தி, விடைபெற்றுச் செல்லும் உற்றார் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். இக்காலத்தார் அதனை நினைவு மலர் என்பர். எங்கள் முதியவர்களுக்கு அது இன்றும் கல்வெட்டுத்தான். காகிதத்தில் அச்சிட்டதைக் கல்வெட்டு என்று அழைத்த எம் முன்னோரின் நம்பிக்கையை எண்ணி நான் வியப்பதுண்டு. ஓலையைக் கறையான் தின்னும், காகிதத்தை உப்புக் காற்றுத் தின்னும் என்பதை நன்கு அறிந்தவர்கள்தாம் அப்பெயரை வழங்கினார்கள்.

தேவார திருவாசகங்கள் முன்னே நிற்கும். பின்னர் ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு, கல்வி, உத்தியோகம், திருமணம், மக்கட்பேறு என வரலாறு நடக்கும். அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இறந்த திதியைக் குறித்து ஒரு வெண்பா. கடைசிப் பக்கத்தில் வம்சாவழி. பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவன் என்பதனால், நான் ஓய்வுபெற்ற பின்பும் இவற்றை எழுதும் வேலை மட்டும் என்னை விட்டு ஓயவில்லை. கடந்த மாரி தொடங்கி இன்றுவரை, ஊர்காவற்றுறையை அடுத்த எங்கள் வட்டாரத்தில் நான்கு பேர் மறைந்துவிட்டனர். நால்வரும் 80 வயதைக் கடந்தவர்கள்.

தீவுப் பகுதியை அறியாத வாசகருக்கு ஒன்று சொல்லவேண்டும். முதியோர் இல்லம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடம் எதுவும் எங்கள் வட்டாரத்தில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. வட்டாரமே அப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் வாழ்கிறார்கள். பூட்டிய வீடுகளுக்கு நடுவே, திறந்திருக்கும் வீட்டின் திண்ணையில் ஒரு கிழவனோ கிழவியோ அமர்ந்து, பக்கத்து நான்கு வீடுகளின் திறப்புக்கோவையை மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் அந்தத் திறப்புகள் அடுத்தவர் மடிக்குப் போகும்.

முதலில் மறைந்தவர் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அரசசேவையில் சேர்ந்து தென்னிலங்கைப் பட்டினங்களில் கடமையாற்றினார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. இவருக்குச் சிங்களம் தெரியும். சந்தையில் பேரம் பேசுவார், அயலவரோடு அரசியல் பேசுவார், சிங்களப் பத்திரிகை வாசிப்பார். பரீட்சைக்கு உட்காருவதற்கு மட்டும் மறுத்துவிட்டார். தமக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தம்மைக் கடந்து மேலே போவதைப் பார்த்தபடி, அதே மேசையில் இருந்து பென்சன் எடுத்தார். பிற்காலத்தில், தீவு இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகளில், காவலரணில் பிடித்து வைத்திருந்த அடையாள அட்டைகளை மீட்பதற்குக் கடற்றொழிலாளர்கள் அழைத்துச் சென்றது இந்த மனிதரைத்தான். பரீட்சை எழுதாத அந்தச் சிங்களம் அன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய உதவியது. அவருடைய மக்கள் எனக்கு அனுப்பிய குறிப்பில், "அரச சேவையில் உயர்பதவிகள் வகித்தவர்" என்று இருந்தது. நான் உண்மையை எழுதி அனுப்பினேன். அவர்கள் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அப்படியே அச்சிடச் சொன்னார்கள்.

இரண்டாமவர் வர்த்தகர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களிலிருந்து கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று கடை வைத்தவர்களின் கதை ஒரு தனி நூலாகத் தக்கது. இவர் 11 வயதில் உறவினர் ஒருவரின் கடைக்கு அனுப்பப்பட்டார். பகலில் பொட்டலம் கட்டுவார், இரவில் அரிசி மூட்டைமேல் படுப்பார். 1958இல் முதலாளியின் கடை எரிந்தது. 1977இல் இவர் சொந்தமாக வைத்திருந்த கடை எரிந்தது. 1983இல் மீண்டும் எரிந்தது. கல்வெட்டு இவரைப் "பிரபல வர்த்தகர்" என்கிறது. கோயிலுக்குக் கட்டிக்கொடுத்த மண்டபத்தையும் சொல்கிறது. மூட்டைமேல் படுத்த சிறுவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருடைய கடையில் அதேபோல் மூட்டைமேல் படுத்த வேறு சிறுவர்களைப் பற்றியும் இல்லை.

இவ்விடத்தில் உண்மையான கல்வெட்டு ஒன்றைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் பொறித்த கல் ஒன்று உண்டு. ஊராத்துறை என்று அது கூறும் துறைமுகம் எங்கள் ஊர்காவற்றுறையே. அந்நிய வணிகர் அங்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்று அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மிகுதி உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. கணக்கு மிகத் தெளிவானது. உடைந்த கலத்தில் இருந்த மாலுமிகளின் கதி என்ன? அதுபற்றி நாம் படிக்கக்கூடிய வரிகளில் ஒன்றும் இல்லை. குதிரைக்குக் கல்லில் இடம் இருந்தது, பாய்மரம் இழுத்தவனுக்கு இருக்கவில்லை. 800 ஆண்டுகள் கழித்து நாம் காகிதத்தில் அச்சிடும் கல்வெட்டுக்கும் இந்தக் குணம் மாறவில்லை.

இதை வெறும் மனக்குறையாகச் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வீட்டுப் பெட்டகங்களுக்குள் கிடந்த இந்தச் சிறு நூல்களிற் பல தப்பின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் தேடிப் பதிந்து வருகிறது; போற்றத்தக்க பணி. நாளைய வரலாற்று மாணவன் எங்கள் தீவைப் பற்றி அறிய இவற்றைத்தான் புரட்டுவான். புரட்டினால் என்ன காண்பான்? உத்தியோகத்தரும் வர்த்தகரும் தர்மகர்த்தாக்களும் அவர்களுடைய பத்தினிமாரும் மட்டுமே இங்கே வாழ்ந்தார்கள் என்று காண்பான். அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர் யார், புகையிலைக்கு எரு இட்டவர் யார், பிள்ளைப்பேறு பார்த்தவர் யார் என்று அவன் கேட்டால் பதில் சொல்ல ஒரு பக்கமும் இராது.

மூன்றாவதாக மறைந்த ஆச்சி பதில் சொல்லக்கூடியவராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். புகையிலைத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் கூலிக்கு வேலை செய்தார். ஓய்ந்த நேரத்தில் பனையோலையில் கடகமும் பெட்டியும் இழைப்பார். தீவில் நல்ல தண்ணீர் அரிது. பல கிணறுகள் உவர். நன்னீர்க் கிணறு எவர் வளவில் இருக்கிறதோ அவர்தாம் அக்காலத்தில் அரசர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆச்சியின் குடத்துக்கு அச்சட்டம் வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, அள்ளி ஊற்ற உரிமையுள்ள யாராவது வரும்வரை வெயிலில் காத்து நின்றதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் புங்குடுதீவில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் இதே தண்ணீர் உரிமைக்காக நின்று பொலிசாரின் அடியையும் சிறையையும் ஏற்றார். 1973இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய மெய்யியலோடு முற்போக்காளராகிய நாம் உடன்படாமல் இருக்கலாம். அந்தக் கிணற்றடியில் அவர் நின்ற பக்கத்தைப் பற்றி நம்முள் இரு கருத்து இருக்க முடியாது.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவில் இறங்கியபோது ஊர் முழுவதும் குடாநாட்டுக்கு ஓடியது. ஓட முடியாத முதியவர்கள் எஞ்சினர். ஆச்சி ஓட முடிந்தவர்தான். படுக்கையில் கிடந்த தாயை விட்டுப் போக மனமில்லாமல் நின்றார். அதன்பின் 1996 வரை, பண்ணைப் பாலத்தின் இருபுறமும் இரண்டு நாடுகள்போல் ஆயின. தீவில் இறந்தவரின் செய்தி யாழ்ப்பாணத்தில் இருந்த மக்களுக்கு எட்ட மாதங்கள் ஆயின. சிலருக்கு எட்டவே இல்லை.

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆண்கள் இல்லாத ஊரில் பிணத்தை என்ன செய்வது? ஆச்சியும் இன்னும் இரண்டு பெண்களும், தள்ளாடி நடக்கக்கூடிய ஒரு கிழவருமாகப் பாடை கட்டித் தூக்கினார்கள். அந்த ஆறு ஆண்டுகளில் 11 பேரை அவர்கள் இவ்வாறு கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். தம் கிணற்றில் ஆச்சியை அள்ளவிடாதவர்கள் அந்தப் பதினொருவரிலும் இருந்தார்கள். அவர்களையும் அவர் தோளில்தான் சுமந்தார். "பாரம் எல்லாருக்கும் ஒண்டுதான் தம்பி" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அவர் செய்தார். நாட்காட்டி இல்லாத அந்நாட்களில், இரவில் முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்து, இன்னார் வளர்பிறை ஏழாம் நாள், இன்னார் அமாவாசைக்கு மறுநாள் என்று ஒவ்வொருவரின் திதியையும் மாதத்தோடு மனத்தில் பதித்துக்கொண்டார். 1996க்குப் பின் ஊருக்குத் திரும்பியவர்களும், பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் முதலில் தேடிப்போனது ஆச்சியின் குடிசையைத்தான். திதி தெரியாமல் ஆண்டுத் திவசம் செய்வது எப்படி? அவர் ஒருவருக்கும் மறக்காமல் சொன்னார். கடைசி மூச்சில் என்ன கேட்டார்கள், யார் பெயரைச் சொல்லி அழைத்தார்கள் என்பதையும் சொன்னார். திவசத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும் தாயின் கடைசிச் சொல்லைக் கேட்டு அந்தக் குடிசை வாசலில் குந்தியிருந்து அழுத மகன்மாரைக் கண்டிருக்கிறேன். எங்கள் ஊரின் மரணப் பதிவேடு ஆறு ஆண்டுகள் ஒரு கைநாட்டுக்காரியின் நெஞ்சில் இருந்தது.

அவருடைய கல்வெட்டுக்காக இவற்றையெல்லாம் எழுதி, பிரான்சில் இருக்கும் மகனுக்கு அனுப்பினேன். மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார்.

"மாஸ்டர், அம்மா கூலிக்குப் போனவ எண்டதைப் போடாதேங்கோ. தண்ணிக் கதையும் வேண்டாம்."

"அவவே சொன்னதுதானே தம்பி. அதிலை என்ன குறை?"

"உங்களுக்கு விளங்காது. இங்கையும் எங்கடை ஆக்கள் ஊர் எது, வட்டாரம் எது எண்டு கேட்டுத்தான் கதைக்கினம். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். கலியாணம் பேசிற வயது."

எனக்கு விளங்கியது. பாரிஸ் மாநகரத்திலும் அந்தக் கிணற்றடி இருக்கிறது. அம்மனிதரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பை கழுவி, தெருக் கூட்டிப் பெண்களைப் படிக்கவைத்த தொழிலாளி அவர். அவரை அஞ்சவைக்கும் அமைப்பு எதுவோ அதன்மேல்தான் என் கோபம். நீண்ட பேச்சின் பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கூலி வேலை, "விவசாயத்தில் ஈடுபாடு உடையவர்" என்று மாறியது. கிணறு முற்றாகப் போயிற்று. பதினொருவரின் பெயரும் திதியும் கொண்ட பக்கத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார். அச்சாகி வந்தபின் அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் புரட்டினார்கள். அச்சில் விடுபட்டவற்றை, ஊரும் பேரும் சுட்டாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.

அகாலத்தில் கொல்லப்பட்டவர்களை நாம் மறக்கவில்லை. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கு நெடுந்தீவில் நினைவுத்தூபி உண்டு, ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். அவ்வாறே செய்யவேண்டும். ஆனால் எல்லாவற்றையும் தாங்கி, முதுமை வரை வாழ்ந்து, பாயில் படுத்து இறந்த உழைப்பாளிக்கு நம்மிடம் தூபியும் இல்லை, பக்கமும் இல்லை.

நான்காமவர் சென்ற மாதம் மறைந்த சீவல் தொழிலாளி. வானொலியிலும் பத்திரிகையிலும் வரும் மரண அறிவித்தல்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். இவருக்கு இரண்டும் ஒரே இடம். அறிவித்தல் கொடுக்கவும் எவரும் இல்லை. உத்தியோகத்தருக்குப் பென்சன் இருந்தது. விவசாயிக்கு 1987இலும் கடற்றொழிலாளிக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. கடற்றொழிலாளிக்கு அது வந்த ஆண்டில் எங்கள் கடலில் வலை வீசுவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது என்பது வேறு கதை. பனை ஏறியவர் ஓய்ந்தது, ஒரு மாலை பாதி மரத்தில் கால் நடுங்கியபோதுதான். அன்று இறங்கி வந்து தளநாரைக் கழற்றி வேலியில் மாட்டினார். அது பத்து ஆண்டுகள் அங்கேயே தொங்கியது.

அவருக்குக் கல்வெட்டு அச்சிடும் வசதி குடும்பத்தில் இல்லை. எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் செலவைப் பங்கிட்டு ஏற்றிருக்கிறார்கள். செய்தி சேகரிப்பதற்காகப் போனபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். காலையில் 15 மரம், மாலையில் அதே 15 மரம். மரம் ஒன்று சராசரி 50 அடி. ஆண்டில் 180 நாள். ஓர் ஆண்டுக்கு 2,70,000 அடி. எவரெஸ்ட்டின் உயரம் 29,032 அடி. கணக்கின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்: அப்பப்பா ஆண்டொன்றுக்கு எவரெஸ்ட்டின் உயரத்தை ஒன்பது தடவை ஏறி இறங்கியிருக்கிறார், 38 ஆண்டுகள்.

"இதைப் புத்தகத்திலை போடலாமோ சேர்?" என்று கேட்டாள்.

அந்தியேட்டி வருகிற வெள்ளிக்கிழமை. குலச் சிறப்புக்கு வழக்கமாக ஒதுக்கும் பக்கத்தில் அந்தக் கணக்கை, அவளுடைய கையெழுத்திலேயே அச்சிடும்படி அச்சகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன்.