தொடாமல் நேசித்தல்



"பச்சோந்தி" என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் மனிதரை ஏசுவதற்கே பயன்படுத்துகிறோம். காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் பேசுகிறவருக்கு அந்தப் பெயர் உடனே கிடைத்துவிடுகிறது. லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்திலும், அசுத்தமானவை என்று ஒதுக்கப்பட்ட ஊர்வனவற்றின் வரிசையில் நம் தமிழ் வேதாகமம் இதன் பெயரைக் குறிப்பிடுகிறது. இத்தனை அவப்பெயரையும் சுமக்கும் ஓர் உயிர், கடந்த அக்டோபர் முதல் லண்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் வாழ்ந்து வருகிறது. அதைப் பராமரிப்பதில் நான் கற்றவற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மகனுக்கு வயது பதினான்கு. சென்ற ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் என் தாயார் காலமானார்கள். அடக்க ஆராதனைக்கு என்னால் மட்டுமே போக முடிந்தது. மகன் அழவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டான். உணவு மேசையில் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். பிறகு அறைக் கதவு சாத்தப்படும். அந்த நாட்களில் அவன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பச்சோந்திக் குட்டி. இதை அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பதினாறு வயது நிரம்பாதவருக்குப் பிராணியை விற்கலாகாது. ஆகவே, ஐம்பது வயதைக் கடந்த நான் முதன்முறையாக ஒரு பச்சோந்திக்கு உரிமையாளன் ஆனேன். ஏமன், தென்மேற்கு சவூதி அரேபியா ஆகிய நிலங்களுக்குரிய இனம் அது. எங்களிடம் வந்தது காட்டில் பிடிக்கப்பட்டதன்று. இங்கேயே ஒரு வளர்ப்பாளரிடம் முட்டையிலிருந்து பொரித்தது. வயது மூன்று மாதம். (நம் தமிழ்நாட்டு மரங்களில் வாழும் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம் என்பதை ஊரிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.)

அதே விலங்கு நலச் சட்டம், பிராணியை வைத்திருப்பவர் நிறைவேற்ற வேண்டிய ஐந்து தேவைகளைக் கூறுகிறது: தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, துணை அல்லது தனிமை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு. நான்காவது என்னைச் சிந்திக்க வைத்தது. தனித்திருப்பதும் ஒரு தேவை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது! பச்சோந்தி அத்தகைய உயிர். தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அருகில் இருந்தாலே அது கலங்கும். கண்ணாடியில் தன் உருவத்தைக் காண்பதுகூட அதற்குப் பாரம்.

காற்று நன்றாகப் புகும் உயரமான வலைக்கூண்டு. உள்ளே செம்பருத்தியும் மணி பிளான்ட்டும். உச்சிக் கிளையில் ஏறத்தாழ 28 டிகிரி வெப்பம் தரும் விளக்கு. அதனருகில் புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் குட்டியின் உடலில் வைட்டமின் டி உருவாகி, உண்ணும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லையேல் எலும்பு மெலிந்து வளையும். சன்னல் வழியே வரும் வெயில் போதாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உணவாகச் சிறிய சிள்வண்டுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டித் தருகிறோம். ஒவ்வொன்றும் குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக் கூடாது. தேங்கிய நீரை அது பெரும்பாலும் குடிப்பதில்லை. இலைமேல் விழும் துளிகளையே நக்கிக் குடிக்கும். ஆகவே காலையும் மாலையும் இலைகளின்மேல் நீரைப் பனிபோலத் தெளிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், நமக்குத் திரும்பக் கிடைப்பது என்ன? நாய்க்குட்டி வாலாட்டும், பூனை மடியில் படுக்கும். பச்சோந்தியோ கையில் எடுத்தால் கருத்துப்போகும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் நிழல். தொடுவதைத் தவிர்ப்பதே அதற்கு நாம் காட்டும் அன்பு. தொடாதவனுக்கு எஞ்சியிருப்பது ஒரே கடமை: உற்றுப் பார்ப்பது.

அப்படிப் பார்த்தபோதுதான் அந்த ஏச்சுச் சொல்லின் அநியாயம் எனக்கு விளங்கியது. பச்சோந்தி சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு ஏமாற்றுகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், குளிர்ந்த காலையில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கருக்கிறது, அஞ்சும்போது இருண்ட திட்டுகள் கொள்கிறது, உறங்கும்போது வெளிறுகிறது. 2015-ஆம் ஆண்டு ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கரைச் சேர்ந்த வேறோர் இனத்தை ஆராய்ந்து வெளியிட்டது வியப்புக்குரியது. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள், அமைதியான வேளையில் நெருங்கியும் கிளர்ச்சியுற்ற வேளையில் விலகியும் நிற்கின்றன. அதனால் அவை திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. தன் உள்நிலையைத் தோலின்மேல் எழுதிவைக்கும் உயிரையா நாம் வேடதாரி என்று அழைக்கிறோம்?

ஆயினும் நோயை அது எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. நவம்பரில் வீட்டில் வெப்பக்கருவி ஓடத் தொடங்கியபோது காற்று உலர்ந்தது. ஒரு மாலையில் மகன் என்னை அழைத்தான். "அப்பா, இதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. கண்ணும் சற்று உள்ளே போயிருக்கிறது." மறுநாள் குட்டி ஒரு சிள்வண்டையும் தொடவில்லை; பகலிலேயே கண்களை மூடிக்கொண்டது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். நீரிழப்பு என்றார். மருந்து நீர் செலுத்தி, "இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் கடினம். கவனித்தவர் யார்?" என்று கேட்டார். மகன் தலைகுனிந்து நின்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டோம்.

அதன்பின் நீர் தெளிக்கும் நேரத்தைக் கூட்டினோம். ஒவ்வொரு மாலையும் நானும் அவனும் கூண்டின் முன் அரைமணி நேரம் அமர்ந்திருப்போம். குட்டி துளிகளை நக்கும். ஒரு கண் எங்களைப் பார்க்க, மற்றொன்று இலையைப் பார்க்கும். நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. டிசம்பர் நடுவில் ஒரு நாள், கண்ணைக் கூண்டிலிருந்து எடுக்காமலே அவன் கேட்டான்: "அப்பா, ஆச்சி கடைசியாக என்ன பேசினார்கள்?"

அன்று இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அருமையானவர்களே, துக்கத்தில் இருப்பவரைத் தேடிச் செல்வது நம் சபையின் நல்ல வழக்கம். அது தொடரட்டும். ஆனால் தேடிச் செல்கிறவர் எல்லோரும் கேள்வியோடும் புத்திமதியோடும் மேலிருந்து கையை நீட்டினால், உள்ளம் நொந்தவர் இன்னும் இருண்ட கிளைக்குள் ஒதுங்குவார். எல்லோரும் விலகிவிட்டாலோ, அவருடைய கண் குழிவதைக் காண ஒருவரும் இருக்கமாட்டார். தனிமை வேண்டுகிறவரைத் தனியாக விட்டுவிடுவது வேறு, தனிமையை மதித்து அருகில் இருப்பது வேறு. பின்னதற்கு நேரம் வேண்டும், நாள்தோறும் பார்க்கும் கண் வேண்டும், பதிலை எதிர்பாராத பொறுமை வேண்டும்.

உங்கள் வீட்டிலும் சமீபகாலமாக நிறம் மாறிய ஒருவர் இருக்கக்கூடும்: பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை, ஆராதனை முடிந்ததும் எவரையும் சந்திக்காமல் புறப்பட்டுவிடும் முதியவர், சிரித்துக்கொண்டே சாப்பாட்டை ஒதுக்கும் மனைவி. "ஏன் இப்படி மாறிவிட்டாய்?" என்று குற்றஞ்சாட்டாதிருங்கள். அந்த நிறம் ஒரு செய்தி. இந்த வாரத்தில் ஒரு மாலையை அவருக்கென்று ஒதுக்கி, ஒன்றும் கேட்காமல் அருகில் அமர்ந்திருங்கள். பேச்சு வரும் நாளில் கேட்பதற்கு நாம் அங்கே இருப்போமாக.