கழுவினியா?

உத்திரமேரூர் ஏரி ஊர். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டிலேயே இங்கே 'ஏரி வாரியம்' உண்டு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அப்பாவுக்கும் ஏரித் தண்ணீரைத்தான் தெரியும். கடல் தண்ணீரைத் தெரியாது.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் பிடிக்கும் அவருடைய நண்பர், ஃபைபர் படகை ஏற்ற டிரெய்லர் கேட்டார். டிராக்டருக்குச் செய்வதுபோலவே பாக்ஸ் பைப், ரெட் ஆக்சைடு, மேலே பெயின்ட் என்று செய்து கொடுத்தார். மூன்றாம் வருடம், கரையிலிருந்து ஏற்றி வரும்போது சட்டம் முறிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் படகின் அடிப்பக்கம் பிளந்து, ஒரு மாதம் தொழில் போனது.

முறிந்த பைப்பில் பெயின்ட் பளபளத்தது. தட்டினால் உள்ளிருந்து துரு கொட்டியது. படகை இறக்கும்போது டிரெய்லரும் கடலில் முங்கும். உள்ளே போன உப்புத் தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டது. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

புதிதாக எதில் செய்வது? அலுமினியம் இலேசு, துருப்பிடிக்காது. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. அதைப் பற்றவைக்க எங்கள் மெஷினும் போதாது. கடைசியில் ஹாட் டிப் கால்வனைசிங். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் மொத்தச் சட்டத்தையும் முக்கி எடுப்பார்கள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம்தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். வெல்டிங், ஓட்டை எல்லாம் முன்பே முடித்துவிட வேண்டும்; பிறகு பற்றவைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். பைப்புக்குப் பதில் சி சேனல் போட்டார். அதில் தண்ணீர் தங்காது.

கூலி வாங்கவில்லை. "கணக்கு முடிஞ்சிடுச்சுண்ணே" என்றார் நண்பர்.

"முடியல. கடல்ல இருந்து ஏத்தினதும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவணும்."

இப்போதும் போனில், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் அப்பா கேட்பது இதைத்தான்: "கழுவினியா?"