கொடி பிடிக்க ஓர் ஆள்

உறையூர்க்காரரிடம் பாய்மரப் படகுப் பந்தயம் பற்றிப் பேசினால் சிரிப்பார். சிரிக்காதீர்கள் சார், சோழர்களின் பழைய தலைநகரம் அது! கரிகாலனின் முன்னோர் காற்றையே வேலைவாங்கிக் கப்பல் ஓட்டியதை, புறநானூறு 66-ல் வெண்ணிக் குயத்தியார் போகிறபோக்கில் சொல்கிறார். இன்று அந்த வித்தையைப் பார்க்கச் சென்னைத் துறைமுகம் போகவேண்டும். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது.

மேல்நாட்டு கிளப்புகளில் வாரம் ஒருநாள், ஆபீஸ் விட்டதும் மாலைப் பந்தயம் வைப்பார்கள். ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு கொடி ஏறும். நாலு நிமிஷம் இருக்கையில் இன்னொன்று. ஒரு நிமிஷம் இருக்கையில் அது இறங்கும். முதல் கொடியும் இறங்கினால் ஸ்டார்ட்! முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி புறப்படவேண்டும்.

படகுகள் பல சைஸ் என்பதால் வகைக்கு ஓர் எண். எடுத்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுப்பார்கள். லேசர் படகுக்குச் சுமார் 1100. சிறுவர்களின் ஆப்டிமிஸ்டுக்கு 1600 சொச்சம். லேசர்காரர் 44 நிமிஷத்தில் முடித்துவிட்டுக் காபி குடிக்கலாம். 62-வது நிமிஷத்தில் தள்ளாடி வரும் பொடியன் ஜெயித்துவிடுவான்!

கொடி ஏற்ற, நேரம் குறிக்க, வாரம் ஒருவர் தன் படகைக் கரையில் விட்டுவிட்டு உட்காரவேண்டும். சம்பளம் இல்லை, கப்பும் இல்லை. அவர் வராவிட்டால் பந்தயமே இல்லை.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய் பிடித்தார். அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். இன்னும் பல நேத்ராக்கள் வருவார்கள். நம்மூரில் கொடி பிடிக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. தன் ஆட்டத்தை ஒருநாள் விட்டுக்கொடுத்து, அடுத்தவர் ஆடுவதற்காகக் கொடி பிடிக்கிறவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது. உங்கள் தெரு கேரம் போட்டிக்கும் இதே கதைதானே?